கேசட்டில் இருந்த அத்தா

எனக்கு இரண்டு வயதாகும்போது அத்தா குவைத்துக்குப் போனார். கூத்தாநல்லூர்ப் பக்கத்தில் அதைச் சபர் என்போம். எங்கள் தெருவில் பாதி வீடு சபராளி வீடுதான். அதனால் அவர் இல்லாதது எனக்குப் பெரிதாக உறைக்கவில்லை. நடுவில் ஒரு முறை வந்து போனாராம், நினைவில்லை.

ஊருக்கு வருகிற யாரிடமாவது கேசட் கொடுத்துவிடுவார். முதல் பக்கம் முழுக்க அம்மாவுக்கும் நன்னிக்கும், அதாவது பாட்டிக்கும்: கடன் கணக்கு, கல்யாண வீட்டுக்குச் செய்ய வேண்டிய முறை. மறுபக்கத்தின் கடைசியில்தான் நான். "சாப்பிட்டாயா?" என்று கேட்டுவிட்டுச் சற்று நிறுத்துவார். அந்த இடைவெளியில் "சாப்பிட்டேன் அத்தா" என்பேன். "ஒழுங்காக ஓதப் போகிறாயா?" மறுபடி நிறுத்துவார். பின்னால் யாரோ இருமுவது கேட்கும்.

1990 ஆகஸ்ட் 2ஆம் தேதி ஈராக் படை குவைத்துக்குள் புகுந்தது. அதோடு கடிதமும் இல்லை, கேசட்டும் இல்லை. அம்மா கடைசிக் கேசட்டையே போட்டுப் போட்டுக் கேட்டதில் நாடா சிக்கிக்கொண்டது. பென்சிலை விட்டுச் சுற்றிச் சரிசெய்தோம். கசங்கிய இடத்தில் மட்டும் அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

செப்டம்பர் கடைசியில் வந்து சேர்ந்தார். பாக்தாத் வழியாக ஜோர்டானுக்கு பஸ், எல்லையில் கூடாரம், அம்மானிலிருந்து ஏர் இந்தியா விமானத்தில் பம்பாய். ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேர் அளவில் அப்படித்தான் ஊர் திரும்பினார்கள். கையில் ஒரு ரெக்சின் பை. சபராளி பெட்டி பிரிப்பதைப் பார்க்கத் தெருவே கூடும். அன்றும் கூடியது, டீயைக் குடித்துவிட்டுக் கலைந்தது.

அத்தா என்னைப் பார்த்து, "சாப்பிட்டாயா?" என்றார். நான் அடுப்படிக்குள் ஓடிவிட்டேன். பிள்ளைக்கு வெட்கம் என்றார்கள். வெட்கமாவது! கேசட்டில் இருந்தவருக்கு மீசையோ வியர்வை வாடையோ கிடையாது. அம்மா பக்கத்தில் என் இடத்தையும் அவர் பிடித்ததில்லை. பல நாள் நன்னியிடம்தான் படுத்தேன்.

ஒரு மாலை யாருமில்லை என்று நினைத்து அந்தக் கேசட்டைப் போட்டுப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். திரும்பினால் வாசற்படியில் அத்தா. ஒன்றும் சொல்லாமல் கொல்லைப்புறம் போய்விட்டார்.

மறுநாள் டேப் ரிக்கார்டர் அருகில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். "சாப்பிட்டாயா?" என்றார், சற்று நிறுத்தினார்.

"சாப்பிட்டேன் அத்தா."

"என்ன ஆணம்?"

இது கேசட்டில் இல்லாத கேள்வி. "மீன்" என்றேன்.

இரண்டு வருடம் கழித்து மறுபடியும் சபர் போனார். அதன் பிறகு வந்த கேசட்டுகளில் முதல் பக்கம் எனக்கு.