ரோடு லைனில் வீடு மாட்டியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

திருவொற்றியூர்க்காரன்:
அப்பா கட்டிய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு இரண்டு மாடி போடலாம் என்று பிளான் போடச் சொன்னோம். இன்ஜினியர் வந்து பார்த்துவிட்டு, "முன்பக்கம் ஏழடி ரோடு லைனில் போகுது சார்" என்கிறார். ரோட்டைப் பின்னால் அகலப்படுத்த வரைபடத்தில் போட்டு வைத்த கோடாம். பட்டாவிலும் இல்லை, வில்லங்கச் சான்றிலும் இல்லை. இடம் அரசுக்குப் போய்விட்டதா? பணமாவது வருமா?

கொடுங்கையூர் பாலு:
கோடு போட்டதாலேயே இடம் போய்விடாது அண்ணே. அது பத்திரம் பதிந்த விஷயம் இல்லை, அதனால் வில்லங்கத்தில் வராது. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், அதாவது சி.எம்.டி.ஏ., போட்ட திட்டத்தில்தான் இருக்கும். 2008-இல் வந்த இரண்டாவது மாஸ்டர் பிளானைப் போய்ப் பாருங்கள்.

என் தம்பிக்கும் இதே கதைதான். பர்மிஷன் வேண்டுமென்றால் அந்தத் துண்டை முதலில் தானப் பத்திரமாக எழுதிக் கொடு என்றார்கள். காசு கிடையாது. பதிலுக்குக் கூடுதல் எஃப்.எஸ்.ஐ., அதாவது மனை அளவுக்கு எத்தனை சதுர அடி கட்டலாம் என்ற கணக்கைக் கூட்டித் தருவோம் என்றார்கள். அரை கிரவுண்டு வைத்திருப்பவனுக்கு அது எதற்கு? சுற்றிலும் விட வேண்டியதை விட்டால் படிக்கட்டு வைக்கவே இடம் போதவில்லை. பெரிய மனை உள்ள பில்டருக்குத்தான் அதில் லாபம்.

ஆனால் ஒன்று செய்தோம். ரோட்டின் நடுவை எங்கே வைத்து அளந்தார்கள் என்று கேட்டோம். எதிர்வரிசையில் ஒருவர் படிக்கட்டையும் ஷீட்டையும் ரோட்டுக்குள் இழுத்து விட்டிருந்தார். அதை ரோட்டின் ஓரமாகக் கணக்கு வைத்ததில் நடுக்கோடு எங்கள் பக்கம் தள்ளி வந்திருந்தது. சர்வே வரைபடத்தை வாங்கி, மனு கொடுத்து, மறுபடி அளக்க வைத்தோம். எங்கள் பக்கம் போக வேண்டியது பாதியாகக் குறைந்தது. நீங்களும் ஏழடியை அப்படியே நம்பாதீர்கள்.

தண்டையார்பேட்டை தாத்தா:
வருவாய்த்துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். தம்பி, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். நீங்கள் கட்டப் போனால் தானம். நீங்கள் சும்மா இருந்து, அவர்களாக ரோடு போட வந்தால் கையகப்படுத்தல், அதற்கு இழப்பீடு உண்டு. நெடுஞ்சாலைத்துறை 2001-ஆம் வருஷத்து மாநிலச் சட்டப்படி வரலாம். இல்லையென்றால் 2013-ஆம் வருஷத்து மத்தியச் சட்டம். 2013 சட்டத்தில் நிலத்தின் சந்தை மதிப்பு, கட்டடத்துக்குத் தனி மதிப்பு, இரண்டையும் கூட்டிய தொகைக்கு 100 சதவீத ஆறுதல் தொகை, அதாவது அதே அளவு இன்னொரு பங்கு. நிலமதிப்பின் மேல் ஆண்டுக்கு 12 சதவீதமும் சேரும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கும். சந்தை மதிப்பை எதை வைத்துப் போடுவார்கள்? வழிகாட்டி மதிப்பையும், அக்கம்பக்கத்தில் முந்தைய மூன்று வருஷத்தில் பதிவான பத்திரங்களையும் வைத்து. நம் ஊரில் கையில் கொடுப்பது ஒன்று, பத்திரத்தில் எழுதுவது ஒன்று. முத்திரைத்தாள் செலவை மிச்சம் பிடித்த தெருவுக்கு இழப்பீடும் அந்த அளவில்தான் வரும். இதில் அதிகாரியைத் திட்டிப் பயனில்லை.

தொகை போதவில்லை என்றால் "ஆட்சேபணையுடன் பெறுகிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அப்படி எழுதாமல் வாங்கினால், கூடுதல் கேட்டு மனுப் போடும் உரிமை போய்விடும். அவார்டு, அதாவது இழப்பீடு இவ்வளவு என்ற அதிகாரியின் தீர்ப்பு, சொல்லும்போது நீங்கள் அங்கே இருந்தால் ஆறு வாரத்துக்குள் மனு போட வேண்டும்.

இன்னொன்று. 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 38-ஆவது பிரிவை வக்கீலிடம் கேளுங்கள். திட்டத்தில் ஒதுக்கிய இடத்தை மூன்று வருஷத்துக்குள் எடுக்க அறிவிப்பும் வராமல், பேசி வாங்கவும் இல்லை என்றால், ஒதுக்கீடு நீங்கியதாகக் கொள்ளலாம். இதை வைத்து ஹைகோர்ட்டில் உத்தரவு வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

எர்ணாவூர் செல்வி:
எல்லாரும் ஓனர் கதையே சொல்கிறீர்கள். ரோடு அகலப்படுத்தியபோது என் கடை போனது, செக் வந்தது ஓனருக்கு. மூன்று வருஷத்துக்கு மேல் அங்கே பிழைத்த வாடகைதாரரும் 2013 சட்டப்படி பாதிக்கப்பட்ட குடும்பம்தான், சிறு வியாபாரிக்குக் குறைந்தது 25,000 ரூபாய் என்று அப்புறம்தான் ஒருவர் சொன்னார். என்னிடம் வாடகை ரசீதும் இல்லை, கரண்ட் பில்லும் ஓனர் பேரில். வாடகைக்கு இருக்கிறவர்கள் இப்போதே ஒரு ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

திருவொற்றியூர்க்காரன்:
நன்றி. பாலு தம்பி, மறு அளவைக்குக் கொடுத்த மனுவின் நகல் இருந்தால் பெயரை மறைத்துவிட்டுப் போடுங்களேன். எங்கள் எதிர்வீட்டிலும் ஷீட் வெளியே நீட்டித்தான் இருக்கிறது.