வயலுக்குக் கீழ வீட்டுக் காணி: மாரித் தண்ணி எங்கால வடியும்?

வரம்போரம்:
திருகோணமலையில தம்பலகாமப் பக்கம், எங்கட வயலுக்குக் கீழ்ப்புறம் இருக்கிற 2 ஏக்கர் வயலை 3 அடிக்குக் கிறவல் போட்டு மூடி, 10 பேர்ச் துண்டுகளாப் பிரிச்சு விக்கப் போறாங்கள். எங்கட வடிச்சல் அந்தக் காணிக்குள்ளாலதான் போகுது. "9 அங்குலக் குழாய் வைச்சுத் தாறம்" எண்டு சொல்றாங்கள். அது காணுமா? ஆரிட்ட முறையிடலாம்?

மதகடி:
காணாது. ஒரு ஏக்கரில 100 மி.மீ. மழை பெய்தா ஏறக்குறைய 4 இலட்சம் லீட்டர் தண்ணி. வரம்பு கட்டின வயல் அதைத் தேக்கி வைச்சு மெல்ல மெல்ல விடும். கூரையும் கொங்கிறீட்டு முற்றமும் உடனே வெளிய தள்ளும். அதால அந்தக் காணியின்ர தண்ணியும் உங்கட வடிச்சலும் ஒரே நேரத்தில ஒரே குழாய்க்குத்தான் வந்து சேரும்.

விட்டம் இரட்டிப்பான 18 அங்குலக் குழாயோட பாத்தா 9 அங்குலத்தில பாதித் தண்ணி போகும் எண்டு நினைக்க வேண்டாம். ஆறில ஒரு பங்குதான் போகும். அதிலயும் வைக்கோலும் பொலித்தீனும் வாயை அடைச்சா அதுவும் இல்லை. என்ர கருத்து, குழாயே வேண்டாம். எல்லையோரம் திறந்த வாய்க்கால் விடச் சொல்லுங்கோ. அடைப்பு கண்ணுக்குத் தெரியும், மண்வெட்டியால எடுக்கலாம்.

குழாய்தான் எண்டா விட்டத்தை விட மட்டம் முக்கியம். கிண்டுற செலவை மிச்சம் பிடிக்கக் குழாயை ஓரடி உயர்த்தி வைப்பாங்கள். அந்த ஓரடித் தண்ணி உங்கட வயலிலதான் நிக்கும். விதைச்ச கையோட அப்படி நிண்டா நெல் முளைக்காமல் அழுகும். அறுவடை நேரம் நிலம் காயாது, வெட்டு மெஷின் புதையும். குழாயின்ர அடி இப்ப இருக்கிற வாய்க்கால் அடியோட சரியா இருக்க வேணும்.

மட்டம் பாக்கக் கண்ணாடிபோல தெரியிற ஹோஸ் போதும். காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணி நிரப்பி, ஒரு நுனியை உங்கட வக்கடையில (வயல் தண்ணி வெளிய போற வரம்பு வெட்டு) நட்ட கம்பிலயும் மற்றதைக் குழாய் வைக்கிற இடத்துக் கம்பிலயும் பிடியுங்கோ. ரெண்டு பக்கமும் தண்ணி நிக்கிற இடத்தில கோடு போட்டு, கோட்டிலயிருந்து கீழ அளந்தா எது பள்ளம் எண்டு தெரியும். மண் கொட்ட முதல் செய்யுங்கோ.

கச்சேரிப்பக்கம்:
2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டப்படி, வயலை மூட கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின்ர எழுத்துமூல அனுமதி வேணும். பிரதேச சபை காணி பிரிக்க விட்டாலும் அது இந்த அனுமதி ஆகாது. முதல்ல அந்தக் கடிதத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கோ.

கமநல சேவை நிலையத்துக்கு எழுத்தில முறைப்பாடு குடுங்கோ. பிரதி பிரதேச செயலாளருக்கும் பிரதேச சபைக்கும். வாய்ச்சொல் பதிவில வராது. வடிச்சல் வாய்க்கால் தெரியிற படம், நில அளவை வரைபடப் பிரதி, கமக்காரர் அமைப்பின்ர கடிதம் மூண்டையும் இணையுங்கோ. தனி ஆளா போறதை விட அமைப்பு போனா கவனிப்பாங்கள். மூடின பிறகு தோண்டி எடுப்பிக்கிறது லேசில்லை. 2 ஏக்கருக்கு 3 அடி எண்டா 2,600 கியூப்புக்கு மேல (ஒரு கியூப் 100 கன அடி), 3 கியூப் டிப்பரில 870 லோட் அளவில. (அவ்வளவு கிறவலுக்கு எந்த மேட்டைக் கிண்டுறாங்கள் எண்டதும் பாக்க வேண்டிய கதை. அதுக்கும் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின்ர அனுமதி வேணும்.)

மணற்கிணறு:
நிலாவெளி, சாம்பல்தீவுக் கடற்கரைப் பக்கம் இப்பிடித் துண்டு போட்டு விக்கிற காணிகளில பிரச்சினை வடிச்சல் இல்லை, கிணறு. மணலுக்குள்ள நல்ல தண்ணி உப்புத் தண்ணிக்கு மேல மிதக்குது. மோட்டரால கூட இறைச்சா உப்பு மேல ஏறும். 10 பேர்ச் காணி சதுரமா இருந்தா ஒரு பக்கம் 52 அடிதான். கிணத்துக்கும் மலக்குழிக்கும் 50 அடி இடைவெளி விட்டு உங்கட காணிக்குள்ள வைச்சாலும், பக்கத்து வீட்டுக் குழி உங்கட கிணத்தடியில வந்து நிக்கும். அங்க துண்டு வாங்குறவை சுத்தியிருக்கிற நாலு காணியின்ர குழியும் எங்க எண்டு பாத்துப்போட்டு வாங்குங்கோ.

வரம்போரம்:
நன்றி. ஏற்கனவே கொஞ்ச லோட் கொட்டியாச்சு.

மதகடி:
அப்ப வாய்க்கால் ஓரத்தில 6 அடிக் கீற்றை விட்டு மண் போடச் சொல்லி இண்டைக்கே எழுத்தில கேளுங்கோ. சரிவு வாய்க்காலுக்குள்ள இறங்காமல் ஓரத்துக்கு மண்மூட்டை அடுக்க வேணும். இல்லாட்டி முதல் மழைக்கே கிறவல் கரைஞ்சு வாய்க்காலைத் தூர்த்துப்போடும்.