கிராவிகோர்டு: கோராவின் அடுத்த கட்டமா, வேறொரு கருவியா?

தம்புராக்காரர்:
மேற்கு ஆப்பிரிக்காவின் மாண்டிங்கா மக்களிடையே குலவரலாற்றைப் பரம்பரையாகப் பாடிவரும் ஜெலிகளின் கருவி கோரா. அதனை முன்மாதிரியாகக் கொண்டு ராபர்ட் கிராவி என்ற அமெரிக்கர் 1986-இல் உருவாக்கிய 24 தந்தி மின்யாழே கிராவிகோர்டு. வேறொரு விவாதத்தில் இதனைக் ‘கோராவின் அடுத்த கட்டம்’ என்று அன்பர் மின்வழி குறிப்பிட்டிருந்தார். அதை என்னால் ஏற்க இயலவில்லை. பாதியாக அறுத்த பெரிய சுரைக்குடுக்கை, அதன்மேல் இழுத்துக் கட்டிய மாட்டுத்தோல், அந்தத் தோலின்மீது செங்குத்தாக நின்று தந்திகளைத் தாங்கும் ‘குதிரை’ என்ற கட்டை, அதன் இரு பக்க வெட்டுகளிலும் பிரிந்து செல்லும் 21 தந்திகள் ஆகியவை சேர்ந்தே கோராவின் நாதத்தை உண்டாக்குகின்றன. கிராவிகோர்டிலோ குடுக்கையும் இல்லை, தோலும் இல்லை. வளைத்துப் பற்றவைத்த எஃகுக் குழாய்தான் உடல். குதிரைக்குள் பதித்த பீசோ உணரி அதிர்வை மின்சாரமாக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. நாதம் பிறக்கும் இடமே மாறிவிட்ட பிறகு எதன் அடுத்த கட்டம் இது?

மின்வழி:
ஐயா, கருவியின் அடையாளத்தை உடலில் மட்டும் தேடுவது முறையன்று. கோராக் கலைஞர் கருவியின் முகப்பைத் தம்மை நோக்கி வைத்து, மற்ற விரல்களால் இரு கைப்பிடிகளைப் பற்றிக்கொண்டு, கட்டைவிரல்களாலும் ஆள்காட்டி விரல்களாலும் மீட்டுகிறார். கிராவிகோர்டிலும் கைப்பிடிகளைப் பற்றி அதே நிலையில்தான் வாசிக்கிறார்கள். தவிர, கோரா எக்காலத்திலும் ஒரே வடிவில் நின்றுவிடவில்லை. 1799-இல் வெளிவந்த தம் ஆப்பிரிக்கப் பயண நூலில் ஸ்காட்லாந்துப் பயணி மங்கோ பார்க் 18 நரம்புகள் கொண்ட ‘கொர்ரோ’வைக் குறிப்பிடுகிறார். தோல்வார் நரம்புகளுக்குப் பதிலாக நைலான் தூண்டில் இழையைக் கட்டியவர்கள் ஜெலிகளே. சுருதி சேர்ப்பதற்குத் தண்டியில் சுற்றியிருந்த தோல் வளையங்களை அகற்றிவிட்டுத் திருகும் பிரடைகளைப் பொருத்தியவர்கள் செனகலின் கேர் மூசா மடத்துத் துறவிகள். இத்தனை மாற்றங்களுக்குப் பிறகும் அது கோராதான் என்றால், குடுக்கையை நீக்கியதும் உறவு அறுந்துவிடுமா?

கீழைக்காற்று:
இருவரும் முக்கியமான ஒன்றைத் தொடாமல் செல்கிறீர்கள். சுரங்கள் அடுக்கப்பட்டிருக்கும் வரிசையைப் பாருங்கள். கோராவில் இடப்புறம் 11, வலப்புறம் 10 தந்திகள்; தாழ்ந்த ஒலியுடைய மந்தர சுரங்கள் பெரும்பாலும் இடப்புறத்திலேயே குவிந்திருக்க, மேலே செல்லச் செல்லச் சுரங்கள் இரு பக்கமும் மாறிமாறி வருகின்றன. கிராவி அந்த மாறிமாறி வரும் ஒழுங்கை முழு வீச்சுக்கும் நீட்டிவிட்டார். இந்த யோசனைக்கு அவர் கோராவை மட்டும் சார்ந்திருக்கவில்லை. தெற்கு ஆப்பிரிக்கப் பகுதியின் ம்பிரா, அதாவது உலோக நாக்குகளைக் கட்டைவிரலால் மீட்டும் கருவியும் அவருக்கு வழிகாட்டியது. இரு கைகளும் தனித்தனித் தாளத்தில் ஓடி ஒன்றையொன்று வெட்டிச் செல்வதே இந்த அமைப்பின் நோக்கம். ஆகவே இதற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு பெற்றோர். ஒருவரை மட்டும் குறிப்பிட்டு வாரிசுரிமை பேசுவது சரியாகாது.

தம்புராக்காரர்:
கீழைக்காற்று சொல்வது என் வாதத்துக்கே வலுச்சேர்க்கிறது. கட்டைவிரல்கள் திரும்பத் திரும்ப வாசிக்கும் அடிப்படைச் சுற்றுக்குக் கும்பெங்கோ என்றும், அதன்மேல் பாய்ந்து வரும் சுரக்கோவைகளுக்குப் பிரிமிந்திங்கோ என்றும் பெயர். தியாபாத்தே, குயாத்தே, சிசோக்கோ போன்ற குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகக் கைக்குப் பழகிய உருப்படிகள் அந்தப் பழைய தந்தி வரிசையை நம்பியே அமைந்தவை. மந்தர வரிசை மாறினால் கை மறுபடியும் முதலிலிருந்து பழக வேண்டும். 1988-இல் கோராக் கலைஞர் தூமானி தியாபாத்தே தனியொருவராக மந்தரச் சுற்று, மெட்டு, கற்பனை மூன்றையும் ஒரே நேரத்தில் வாசித்து ஒரு முழு இசைத்தட்டை வெளியிட்டபோது, எஃகுக் குழாய் எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. இன்னொன்று: குதிரையில் பொருத்தும் ஞெஞெமோ என்ற தகரத் தகடு, தன் விளிம்பு வளையங்களால் எழுப்பும் மெல்லிய கரகரப்பை மின்யாழில் எங்கே கேட்பது?

மின்வழி:
ஞெஞெமோவை இன்றைய கோராக் கலைஞர்களில் பலரே பொருத்துவதில்லை. மின்சாரம் வெளியார் திணித்தது என்ற தொனியும் தவறு. காம்பியாவில் ஜெலி குடும்பத்தில் பிறந்த கோராக் கலைஞர் ஃபோதே மூசா சூசோ, கிராவிகோர்டு வருவதற்கு முந்திய 1985-ஆம் ஆண்டிலேயே, அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஹெர்பி ஹான்காக்கின் மின்னணு விசைப்பலகையோடு கோராவை இணைத்து இசைத்தட்டு வெளியிட்டார். டிரம்ஸும் மின்கிடாரும் முழங்கும் மேடையில் தோல் போர்த்த குடுக்கைக்கு முன்னால் மைக் வைத்தவர்களுக்குத் தெரியும்: ஒலிபெருக்கியின் சத்தத்துக்குத் தோலே அதிர்ந்து மறுபடியும் மைக்கில் புகுந்து ‘ஊ’ என்று ஊளையிடத் தொடங்கிவிடும். இந்தத் தொல்லை குடுக்கையற்ற கருவிக்கு இல்லை.

கீழைக்காற்று:
மேடைத் தொல்லையைத் தீர்ப்பதும் மரபைத் தொடர்வதும் வேறுவேறு. தந்தையிடமிருந்து மகனுக்கு என்று சென்றுகொண்டிருந்த கோராவை ஜெலி குடும்பத்துப் பெண்ணான சோனா ஜொபார்தே கையில் எடுத்தபோது கருவி மாறவில்லை. அதற்கு உரியவர் யார் என்பது மாறியது. கோராவின் அடுத்த கட்டம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் அதைத்தான் காட்டுவேன். கிராவிகோர்டுக்கென்று புதிதாக இயற்றப்பட்ட இசையை அதன் சொந்தக் கணக்கில் வைத்துக் கேட்கலாம்.

தம்புராக்காரர்:
அப்படியானால் ‘அடுத்த கட்டம்’ என்ற தொடரை மின்வழி திரும்பப் பெறட்டும். மற்றபடி எனக்கு வழக்கில்லை.

மின்வழி:
திரும்பப் பெறமாட்டேன். கும்பெங்கோ ஒன்றை கிராவிகோர்டில் வாசித்த பதிவு கிடைத்தால் இங்கேயே இடுகிறேன். கை எங்கே தடுமாறுகிறது என்று நீங்களே கேட்டுச் சொல்லுங்கள்.