துருப்பிடித்து இறுகிப்போன பழைய டிராக்டர்: கழற்றியவர்கள் சொல்லுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். அப்பா ஓட்டிய டிராக்டர் 11 வருடம் வெட்டவெளியில் நின்றது. சைலன்சர் வாயில் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்து வைக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. மழைத் தண்ணீர் நேராக உள்ளே இறங்கி, பிஸ்டன், அது ஏறி இறங்கும் லைனர் குழாயோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

முதல் நாளே தப்பு செய்தேன். என்ஜினில் காற்று, புகை போகும் குழாயான மேனிஃபோல்டின் நட்டில் ரிங் ஸ்பேனரை மாட்டி, பிடிக்கு நீளமாக ஒரு பைப்பையும் சொருகி இழுத்தேன். துருப்பிடித்த நட்டு கழலும்போது கிரீச்சென்று கத்தும். இது கத்தவே இல்லை, மெத்தென்று சுற்றி வந்தது. "ஆகா, வந்துவிட்டது" என்று இன்னும் கொஞ்சம் இழுத்தேன். டப். நட்டோடு, அது ஏறியிருந்த தலையில்லாத மரைக்கம்பியான ஸ்டட்டும் பாதி கையில் இருந்தது. சுற்றியது நட்டு இல்லை, ஸ்டட்டே முறுக்கிக்கொண்டிருக்கிறது. சத்தம் இல்லாமல் இளகி வந்தால் உடனே கையை எடுத்துவிடுங்கள்.

மிச்ச ஸ்டட்டுகளில் அவசரப்படவில்லை. நட்டை மட்டும் கேஸ் டார்ச்சில் மங்கிய சிவப்பாகும்வரை காய்ச்சினேன். சிவப்பு தணிந்து ஆறி வரும்போது மெழுகுவர்த்தியை மரையில் தொட்டால், மெழுகு உருகி இடுக்குக்குள் தானே இறங்கும். முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு தட்டு, அப்புறம் கழற்றுகிற பக்கம் கால் சுற்று, மறுபடி கொஞ்சம் இறுக்கு. இப்படி முன்னும் பின்னுமாகப் போனதில் எல்லாமே முழுசாக வந்தன. ஒடிந்த துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்ததில் அதுவும் வந்தது. சூட்டோடு தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள், வார்ப்பிரும்பு விரிசல் விட்டுவிடும்.

என்ஜின் வேறு கதை. வண்டியைக் கட்டி இழுத்தால் விட்டுவிடும் என்றார்கள் சிலர். நான் ஒப்புக்கொள்ளவில்லை. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்தால் யார் பார்ப்பது? இன்ஜெக்டர்களைக் கழற்றி, டீசலும் ஏ.டி.எஃப். எனும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலும் சரிபாதி கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் ஊற்றினேன். என்ஜினோடு சேர்ந்து சுற்றும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலில் சாக்பீஸால் ஒரு கோடு. தினமும் காலையில் நீளக் கம்பியால் ஃப்ளைவீல் பல்லில் இரண்டு பக்கமும் மெதுவாக அசைத்துப் பார்ப்பேன். 18 நாள் கோடு நின்ற இடத்திலேயே நின்றது. 19-ஆம் நாள் ஒரு விரல் அகலம் நகர்ந்திருந்தது. பக்கத்தில் யாரும் இல்லாததால் டிராக்டரிடமே சொல்லிக்கொண்டேன்.

முழுச் சுற்று சுற்றும் முன் வால்வுகளையும் பாருங்கள். ஒன்று ஒட்டியிருந்தாலும் அதைத் தள்ளும் புஷ் ராடு வளையும். சிலிண்டரில் ஊற்றியது கசிந்து, என்ஜின் அடியில் உள்ள ஆயில் சம்ப்பில் சேர்ந்திருக்கும், அந்த ஆயிலை மாற்றாமல் ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.

*

அண்ணே, எனக்கு ஒட்டியது கிளட்ச் பிளேட். பெடலை முழுசா மிதித்து ஒரு கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டு, நியூட்ரலில் என்ஜினைச் சூடாக ஓடவிட்டேன். அணைத்த பிறகும் கட்டையை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் 'டக்' என்று விட்டது. சிலர் கியரில் போட்டு ஸ்டார்ட் செய்து விடுவிப்பார்கள், எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

*

போல்ட்டுக்கு நான் நம்புவது அசிட்டோனும் ஏ.டி.எஃப்பும் சரிபாதி. இரண்டும் பிரிந்துபோகும், ஒவ்வொரு தடவையும் குலுக்கித்தான் விட வேண்டும். எளிதில் தீப்பிடிக்கும், அண்ணன் சொன்ன டார்ச் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

*

என் கதை வெட்கக்கேடு. டிராக்டரையும் கலப்பையையும் மேலே இணைக்கும் டாப் லிங்க் இறுகிவிட்டது என்று அரை நாள் எண்ணெய் விட்டேன், சுத்தியலால் தட்டினேன், திட்டவும் செய்தேன். ஒரு முனை அசைந்தது, மறுமுனை மட்டும் இம்மியும் நகரவில்லை. கடைசியில் மரையைத் துடைத்துப் பார்த்தால் அந்த முனை இடது மரை, எதிர்ப்பக்கம் சுற்றினால்தான் கழலும். அத்தனை நேரமும் நான்தான் அதை இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.