குவேக்கர் அமைப்பில் இன்டர்னாக இருந்தவர்கள் இருக்கிறீர்களா? என் அனுபவம் இது

படிப்பு முடிந்த கையோடு பிலடெல்பியாவில் ஒரு குவேக்கர் அமைப்பில் இன்டர்னாகச் சேர்ந்தேன் (குவேக்கர் என்பது ஒரு கிறிஸ்தவப் பிரிவு). பாதி நேரம் இனவெறி எதிர்ப்புக் குழுவுக்கு உதவி, மீதி நேரம் புத்தகப் பதிப்பு வேலை. இந்த இரண்டையும் எதற்கு ஒரே ஆளிடம் கொடுக்கிறார்கள் என்று பலர் கேட்டுவிட்டார்கள், அதற்காகவே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நான் பார்த்த குவேக்கர் வழிபாட்டுக் கூட்டங்களில் போதகர் கிடையாது, பாட்டும் கிடையாது. எல்லோரும் அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள், யாருக்காவது உள்ளே உந்துதல் வந்தால் எழுந்து நாலு வார்த்தை பேசிவிட்டு உட்காருவார்கள். ஆனால் நடப்பதையெல்லாம் எழுதி வைப்பார்கள், முன்னூறு வருஷத்துக்கு மேலாக. கூட்டக் குறிப்பேடு, கடிதம், சிறு நூல் என்று அவ்வளவு காகிதம். அதனால் எது அச்சுக்குப் போகும், எதைப் பெட்டியில் போட்டு மூடுவார்கள் என்பது அங்கே எப்போதுமே பெரிய விஷயம்.

1688-ல் பிலடெல்பியா பக்கத்து ஜெர்மன்டவுனில் நான்கு பேர், மனிதனை மனிதன் விற்பது தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். உள்ளூர்ச் சபையான மாதக் கூட்டம் அதை அதற்கு மேலுள்ள காலாண்டுக் கூட்டத்துக்குத் தள்ளியது, அவர்கள் அதற்கும் மேலுள்ள ஆண்டுக் கூட்டத்துக்குத் தள்ளினார்கள், அங்கே அப்படியே கிடப்பில் போட்டார்கள். அந்தத் தாள் 1844-ல்தான் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது. அடிமைகளை வைத்திருப்பவர் உறுப்பினராக இருக்க முடியாது என்று பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் சொன்னது 1776-ல். நடுவில் 88 வருஷம்! "குவேக்கர்கள்தான் முதலில் அடிமை முறையை எதிர்த்தார்கள்" என்று பெருமையாகச் சொல்பவர்கள் இந்த 88 வருஷத்தைச் சொல்லாமல் விடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அந்தக் காலத்தில் குவேக்கர் ஒருவர் எழுதியதை அச்சுக்கு முன்னால் படித்து அனுமதி கொடுக்க ஒரு குழு இருந்தது. பெஞ்சமின் லே என்ற குவேக்கர் அந்த அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. அடிமை வைத்திருந்த குவேக்கர்களைக் கிழித்து அவர் எழுதிய புத்தகத்தை 1737-ல் பெஞ்சமின் பிராங்க்ளின் அச்சடித்தார், ஆனால் அச்சிட்டவர் பெயரைப் போடவில்லை. லேயைச் சபையிலிருந்து விலக்கினார்கள். ஜான் உல்மன் என்ற இன்னொரு குவேக்கர் அடிமை முறைக்கு எதிராக 1746 வாக்கில் எழுதிய கட்டுரையோ 1754-ல் அதே குழுவின் ஒப்புதலோடு வந்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் அடிமை முறையைக் கடுமையாக எதிர்த்த அந்தோனி பெனசெட் அந்தக் குழுவுக்குள் வந்திருந்தார். மேசையைச் சுற்றி உட்காரும் ஆட்கள் மாறியதால்தான் அந்தக் கட்டுரைக்கு வழி கிடைத்தது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

இனி என் வேலைக்கு வருகிறேன். 1940-களில் தன்னார்வலர்கள் சேர்ந்து வேலை செய்த பணி முகாம் ஒன்றின் புகைப்படம், ஒரு புத்தகத்துக்காக வந்தது. படக்குறிப்பில் வெள்ளையர் எல்லோருக்கும் பெயர் இருந்தது, வலது ஓரத்தில் மண்வெட்டியோடு நிற்கும் இரண்டு கறுப்பின இளைஞர்களுக்குப் பெயர் இல்லை. எடிட்டர் அந்தப் பக்கத்தை மட்டும் நிறுத்தி வைத்துவிட்டு என்னைத் தேடச் சொன்னார். முகாமின் வருகைப் பதிவேடு, சாப்பாட்டுக் கணக்கு, வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் என்று ஆவணக் காப்பகத்தில் ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்தேன். ஒருவர் பெயர் ஒரு கடிதத்தில் கிடைத்தது, மற்றவருடையது கடைசி வரை கிடைக்கவில்லை. கிடைத்ததை அச்சிட்டு, இன்னொருவரை அறிந்தவர்கள் எழுதும்படி கேட்டு ஒரு வரி சேர்த்தோம். இனவெறி எதிர்ப்பு என்றால் பேரணி மட்டும்தான் என்பவர்களிடம் நான் சொல்வது இந்தப் படத்தைத்தான்.

பிலடெல்பியாவின் ஆர்ச் தெருவில் 1804-ல் கட்டிய குவேக்கர் கூட்ட மண்டபம் இன்னும் இருக்கிறது. சாரா மேப்ஸ் டக்ளஸ் என்ற கறுப்பின ஆசிரியை சிறுமியாக அம்மாவோடு அங்கே போனபோது அவர்களுக்கென்று தனி பெஞ்ச். "இந்த பெஞ்ச் கறுப்பர்களுக்கு" என்று சொல்லி மற்றவர்களை அதில் உட்காரவிடாமல் தடுத்ததை 1837-ல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். அவர் மனதில் அது எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தால் இத்தனை வருஷம் கழித்தும் எழுதியிருப்பார்! அந்தக் கடிதத்தைப் படித்த வாரம் எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

இன்றைக்கும் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஒரு கூட்டத்தில், பெயர் வேண்டாம், கறுப்பின உறுப்பினர் ஒருவர் எழுந்து தன்னைப் பார்வையாளர் என்றே நினைத்து ஒவ்வொரு வாரமும் வரவேற்கிறார்கள் என்றார். உடனே ஒருவர் சமாதானம் சொல்ல எழுந்தார். கூட்டத்தை நடத்தும் கிளார்க் கையைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு, கேட்டதை முதலில் மனதில் வாங்குவோம் என்றார். நீண்ட நேரம் யாரும் பேசவில்லை. அந்த நிறுத்தல் எனக்கு மிகவும் பிடித்தது, அதே சமயம் அந்த அமைதியையே தள்ளிப்போட ஒரு வழியாகப் பயன்படுத்தியதையும் வேறு கூட்டங்களில் பார்த்தேன்.

உங்களுக்கு எப்படி இருந்தது? எழுதுங்கள்.

*

நல்லா எழுதியிருக்கீங்க அக்கா. நான் லண்டனில் குவேக்கர்களின் தலைமையகமான பிரெண்ட்ஸ் ஹவுஸில் தன்னார்வலராக இருந்தேன், யூஸ்டன் ஸ்டேஷனுக்கு எதிரே. அங்கே பென்சில்வேனியாவை நிறுவிய குவேக்கர் வில்லியம் பென் பெயரில் ஓர் அறை இருந்தது, அவர் அடிமைகளை வைத்திருந்தவர் என்பதால் 2021-ல் அதை பெஞ்சமின் லே அறை என்று மாற்றினார்கள். பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு யார் இந்த லே என்று கேட்டவர்களுக்குச் சொல்லிச் சொல்லியே நான் இந்த வரலாற்றைக் கற்றுக்கொண்டேன். வயதான ஒரு அம்மா மட்டும், பெயர் மாற்றியது சரி, அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று வரும்போதெல்லாம் கேட்பார். நியாயமான கேள்வி.

*

நான் குவேக்கர் இல்லை, வேலைக்காக மேற்குக் கென்யாவில் இருந்தவன். ஒன்று சேர்க்க வேண்டும். உலகிலேயே அதிகக் குவேக்கர்கள் இருக்கும் நாடு கென்யா, 1902-ல் அமெரிக்க மிஷனரிகள் கைமோசியில் தொடங்கியது. அங்கே போதகர் உண்டு, பாட்டு உண்டு, ஞாயிற்றுக்கிழமை தெருமுனை வரை சத்தம் கேட்கும். குவேக்கர் என்றதும் பென்சில்வேனியாவின் வெள்ளைக்காரத் தாத்தா நினைவுக்கு வருகிறார் என்றால், அப்படித்தானே புத்தகங்கள் போட்டிருக்கிறார்கள். நீங்கள் பதிப்பில் இருந்தவர், அதனால் கேட்கிறேன்: கென்யாக்காரர்கள் எழுதியது எவ்வளவு வந்தது உங்கள் மேசைக்கு?

*

விரல்விட்டு எண்ணிவிடலாம் தம்பி, அவ்வளவு குறைவு. வந்தவற்றிலும் பாதி, அமெரிக்கர் ஒருவர் முன்னுரையோடுதான் வந்தது. இதை என் பழைய எடிட்டருக்கு இன்றே எழுதுகிறேன். கைமோசியில் யாராவது எழுதுபவர்களைத் தெரிந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள்.