வீட்டுக்காரரின் காப்பீட்டில் என் பொருள்களுக்கு இடமில்லையாம். என்ன செய்யலாம்?

வாடகைவீட்டான்:
வணக்கம். போன வாரம் மேல்வீட்டில் சலவை இயந்திரத்துக்குப் போகும் குழாய் கழன்றுவிட்டது. அவர்கள் வெளியூர் போயிருந்த இரண்டு நாளும் தண்ணீர் கொட்டியிருக்கிறது. எங்கள் கூரை ஊறி, பூச்சு பெயர்ந்து விழுந்தது. கணினி, மெத்தை, ஓர் அலமாரி நிறையப் புத்தகங்கள் எல்லாம் நாசம். வீட்டுக்காரர் நல்ல மனிதர். "கவலைப்படாதீர்கள், காப்பீடு இருக்கிறது" என்றார். காப்பீட்டு நிறுவனத்துக்காக நட்டத்தை மதிப்பிடும் சர்வேயரும் வந்தார். கூரையை அளந்தார், மின்கம்பிகளைப் பார்த்தார், என் மெத்தையைத் தாண்டிப் போய்விட்டார். கேட்டதற்கு, "அது இந்தப் பாலிசியில் வராது" என்று ஒரே வரி.

அந்தப் பிரீமியம் என் வாடகையிலிருந்துதானே போகிறது? மேல்வீட்டாரிடம் கேட்கலாமா? இனிமேலாவது பாலிசி எடுக்கலாம் என்றால், சொந்த வீடு இல்லாதவனுக்குக் கொடுப்பார்களா?

பழையசர்வேயர்:
இப்படிப் பல மெத்தைகளைத் தாண்டிப் போனவன் நான். ஓய்வு பெற்றுவிட்டதால் இப்போது நின்று பேச முடிகிறது.

வீட்டுக்காரர் காப்பீடு செய்திருப்பது அவருக்கு நட்டம் தரக்கூடியதை. கூரை இடிந்தால் அவருக்கு நட்டம். உங்கள் கணினி நனைந்தால் அவருக்கு ஒரு காசு நட்டமில்லை. பிரீமியம் யார் வாடகையிலிருந்து போனாலும் கணக்கு மாறாது. இது இன்று நேற்று வந்த பிரிவினையும் அல்ல. 1666இல் லண்டன் எரிந்த பிறகு, 1680ஐ ஒட்டி நிக்கோலஸ் பார்போன் தொடங்கிய தீக்காப்பீடு கட்டடங்களுக்கு மட்டும்தான்: செங்கல் வீட்டுக்கு ஒரு கட்டணம், மரவீட்டுக்கு அதில் இரு மடங்கு. வீட்டுக்குள் இருக்கும் பொருள்களுக்கும் காப்பீடு கொடுக்கலாம் என்ற யோசனை நடைமுறைக்கு வர இன்னும் ஏறத்தாழ முப்பது ஆண்டு ஆனது.

மேல்வீட்டாரிடம் கேட்கலாம். ஆனால் தண்ணீர் அங்கிருந்து வந்தது என்பது மட்டும் போதாது. அவர்கள் கவனக்குறைவாக இருந்தார்கள் என்று காட்ட வேண்டியிருக்கும். குழாய் முன்பே கசிந்ததா? யாராவது அவர்களிடம் சொன்னார்களா? எழுத்தில் இருக்கிறதா? அவர்களிடம் பொறுப்புக் காப்பீடு, அதாவது தங்களால் அடுத்தவருக்கு ஏற்படும் நட்டத்துக்கு ஈடு தரும் காப்பீடு, இருந்தால் உங்கள் கோரிக்கையை அவர்களுடைய நிறுவனம் பார்த்துக்கொள்ளும், சண்டை மிச்சம். கழன்ற குழாயைத் தூக்கி எறிய வேண்டாம் என்று இன்றே சொல்லுங்கள். நீங்களும் நனைந்த பொருள் எதையும் குப்பைக்கு அனுப்பாதீர்கள். முதலில் படம், பிறகு பட்டியல், கடைசியில்தான் குப்பை.

வாடகைக்கு இருப்பவருக்குத் தாராளமாகக் கொடுப்பார்கள். வீட்டுப் பொருள்களுக்கு மட்டும் என்று கேளுங்கள். கட்டடம் அதில் சேராததால் பிரீமியமும் குறைவு.

காசுக்கணக்கு:
எல்லாம் ஏமாற்று வேலை. பதினைந்து ஆண்டு கட்டினேன். ஒரு முறை திருட்டுப் போயிற்று. "பூட்டு உடைந்த அடையாளம் இல்லை" என்று கையை விரித்துவிட்டார்கள்.

பழையசர்வேயர்:
உங்கள் கோபம் புரிகிறது ஐயா. ஆனால் அந்த நிபந்தனை பாலிசியிலேயே அச்சாகியிருந்திருக்கும். பல பாலிசிகளில் 'திருட்டு' என்றால் பூட்டை உடைத்தோ வலுக்கட்டாயமாக நுழைந்தோ எடுத்தது மட்டும்தான். வீடு தொடர்ந்து 30 அல்லது 60 நாள் ஆளில்லாமல் கிடந்தால் காப்பு சுருங்கும் என்றும் ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். முகவர் அதையெல்லாம் வாசித்துக் காட்டமாட்டார். அது அவர்கள் பக்கத்துத் தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாம்மாடி:
இழைக்குள் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் அடுக்ககத்தில் சொந்த வீட்டுக்காரி. வங்கிக் கடன் வாங்கும்போதே ஒரு காப்பீட்டில் கையெழுத்துப் போட்டேன். எனக்கு அது போதும்தானே?

பழையசர்வேயர்:
அம்மா, இப்போதே அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். கடனோடு சேர்த்துத் தருவதில் பல, ஆயுள் காப்பீடு. கடன் வாங்கியவர் இறந்தால் மீதிக் கடனை அடைக்கும். வீடு எரிந்தால் ஒன்றும் தராது. வீட்டுக் காப்பீடு எடுத்திருக்கிறோம் என்று நம்பி இதை வைத்திருந்த பலரைப் பார்த்திருக்கிறேன்.

உண்மையிலேயே வீட்டுக்கானது என்றால், எந்தத் தொகைக்கு என்று பாருங்கள். கடன் தொகையும் வேண்டாம், விற்பனை விலையும் வேண்டாம். நிலம் எரிவதில்லை. அதே கட்டடத்தை இன்றைய கூலிக்கும் பொருள் விலைக்கும் திரும்பக் கட்ட என்ன ஆகுமோ அதுதான் காப்புத்தொகை. அடுக்ககம் என்பதால், சங்கம் பொதுவாக எடுத்திருக்கும் பாலிசி எதுவரை வருகிறது என்றும் கேளுங்கள். சிலவற்றில் வெறும் சுவரோடு நின்றுவிடும். தரை ஓடும் சமையலறை அலமாரிகளும் உங்கள் பாடு.

வாடகைவீட்டான்:
மேல்வீட்டாரிடம் பேசிவிட்டேன். சுவர் ஈரமாக இருக்கிறது என்று இரண்டு வாரத்துக்கு முன்பே வீட்டுக்காரர் அவர்களுக்கு அனுப்பிய செய்தி கிடைத்தது! அவர்களிடம் பொறுப்புக் காப்பீடும் இருக்கிறதாம். கோரிக்கை எழுதிக்கொண்டிருக்கிறேன். கணினி ஆறு வயதானது. புதிய விலையைக் கேட்கலாமா?

பழையசர்வேயர்:
அந்தச் செய்தியைப் பத்திரமாக வையுங்கள், உங்கள் வழக்கே அதில்தான் நிற்கிறது. புதிய விலை கிடைக்காது. அடுத்தவரிடம் கேட்கும் இழப்பீட்டில் பொதுவாகத் தேய்மானத்தைக் கழித்துவிடுவார்கள். உங்கள் சொந்தப் பாலிசியில் மட்டும்தான் 'புதிதாக வாங்கும் விலை' என்று கேட்டு எடுக்க முடியும். பிரீமியம் சற்றுக் கூடும், பரவாயில்லை.

பாலிசி எடுக்கும்போது பொருள்களின் மதிப்பைக் குறைத்துச் சொல்லிப் பிரீமியத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். பத்துப் பங்கு மதிப்புள்ள பொருளை ஆறு பங்குக்குக் காப்பீடு செய்து, ஐந்து பங்கு நட்டமானால், குறைக்காப்பீட்டு விதி (காப்பீடு செய்த விகிதத்திலேயே நட்டத்துக்கும் பணம்) உள்ள பாலிசியில் கிடைப்பது மூன்று பங்குதான். 'ஆறுக்குள்தானே ஐந்து இருக்கிறது' என்று வாதாடி என்னிடம் தோற்காதவர் இல்லை.

பொறுப்புக் காப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாளை உங்கள் அடுப்பிலிருந்து தீ பரவினால், வீட்டுக்காரருக்குப் பணம் கொடுத்த நிறுவனம் அதை வசூலிக்க உங்கள் கதவைத் தட்டலாம். வீடு குடியிருக்க முடியாமல் போனால் மாற்று வாடகை தருவார்களா என்றும் கேளுங்கள். வெள்ளம் அடிப்படையிலேயே அடங்குமா, தனியே வாங்க வேண்டுமா என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். மெதுவான கசிவும் பூஞ்சையும் பெரும்பாலும் எதிலும் வராது. திடீரென நடந்ததற்கே பணம்.

மூன்றாம்மாடி:
தாளை எடுத்தேன். ஆயுள் காப்பீடுதான். ஒன்பது ஆண்டாக வீட்டுக்குக் காப்பு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாடகைவீட்டான்:
பொருள்களைப் பட்டியல் போட உட்கார்ந்தேன். பத்து வரியில் முடியும் என்று நினைத்தேன். சமையலறை மட்டுமே நாற்பது வரி. புத்தகங்களுக்குத்தான் வழி தெரியவில்லை. ரசீது ஒன்றுகூட இல்லை, பக்கங்கள் ஒட்டிக்கொண்டு திறக்கவும் வரவில்லை.

பழையசர்வேயர்:
திறக்க வேண்டாம், கிழிந்துவிடும். அலமாரி முன்பு எப்படி இருந்தது என்று காட்ட வேண்டும். பழைய குடும்பப் படம் எதிலாவது அது பின்னணியில் இருக்கும், தேடுங்கள். புத்தகங்களின் முதுகில் உள்ள எழுத்துகள் தெரிந்தால் போதும்.

வாடகைவீட்டான்:
இருக்கிறது. மகளின் பிறந்தநாள் படம். மேல் இரண்டு தட்டும் தெளிவாகத் தெரிகின்றன; கீழ்த்தட்டை அவள் மறைத்துக்கொண்டு நிற்கிறாள்.