வீட்டில் பன்றி வெட்ட இடம் அமைத்த அனுபவங்கள்

குலசேகரத்திலிருந்து:
கிறிஸ்துமஸுக்குக் குடும்பத்தார் பங்கிட்டுக்கொள்ள, வீட்டில் வளர்த்த ஏறத்தாழ 90 கிலோ பன்றியை வெட்டுவதற்காக, ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகையை ஒட்டிச் சிமெண்டுத் தளம் போட்டோம். கப்பி, கொக்கி, புளியங்கட்டை, அண்டா எல்லாவற்றையும் ஒரு வாரம் முன்பே சேர்த்துவைத்த நான், தளத்தில் தண்ணீர் ஊற்றிச் சரிவைப் பார்க்கவில்லை. கழுத்து அறுபட்டு முதல் குடம் நீர் விழுந்ததும், இரத்தநீர் வெட்டிவைத்த குழிக்குப் போகாமல் கிணற்றை நோக்கித் திரும்பியது. அம்மா கைகளால் மண்ணை வாரி அணைபோட்டது இன்றும் கண்ணில் நிற்கிறது. அன்று மாலை மழையும் பெய்ததால், கிணற்றை இறைத்துக் கழுவும்வரை பக்கத்து வீட்டில்தான் தண்ணீர் எடுத்தோம்.

திருவட்டாற்றிலிருந்து:
அண்ணன் சரிவையே பெரிதாகச் சொல்கிறார், நான் ஒப்பமாட்டேன். ஓடும் நீரை மண்வெட்டியால் திருப்பலாம், விழும் உடலைத் தாங்க முடியாது. எங்கள் வீட்டில் பலாக்கொம்பில் கட்டிய கயிறு ஈரத்தில் வழுக்கி, வயிற்றைக் கீறிக்கொண்டிருக்கும்போதே பன்றி சரிந்தது. குடல் கிழிந்து கழிவு இறைச்சியில் பரவியது; தம்பியின் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளிக் கத்தி குத்தி நின்றது.

மார்த்தாண்டத்திலிருந்து:
கொதிக்கும் நீரை ஊற்றியதால் தோல் வெந்து, மயிர் வழிக்க வராமல் போனது மட்டுமே என் அனுபவம். நீர் 60 முதல் 65 டிகிரிக்குள் இருந்தால் மயிர் எளிதாகக் கழன்றுவரும். இரண்டு பின்னங்கால்களிலும் குதிநரம்புக்கும் எலும்புக்கும் இடையே கொக்கியை மாட்டி, இரும்பு உத்திரத்தில் சங்கிலியால் தூக்குங்கள். உத்திரத்தின் உயரம், தொங்கும் தலை தளத்தைத் தொடாத அளவுக்கு இருக்கவேண்டும். குழி, கிணற்றுக்கு எதிர்ப்புறத்தில், பள்ளமான பகுதியில் அமையட்டும். நம் ஊர் வெப்பத்தில் இறைச்சி விரைவில் கெடும் என்பதால், விடியுமுன் வெட்டத் தொடங்கி, குளிர்ப்பெட்டியிலோ ஐஸிலோ தாமதமின்றி வைத்துவிடுங்கள். நகராட்சி எல்லைக்குள் உரிமம் பெற்ற அறுப்பகத்துக்கு வெளியே வெட்டுவதை 2001ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்பு (அறுப்பக) விதிகள் தடுக்கின்றன. மாட்டுக்கு, 1958ஆம் ஆண்டுத் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி அதிகாரியின் சான்றிதழும் வேண்டும். தளத்தை இடித்தீர்களா என்று முதலில் எழுதியவர் சொல்லவில்லையே?

குலசேகரத்திலிருந்து:
இடிக்கவில்லை. மேலே மறுபடி பூசிச் சரிவை மாற்றி, கிணற்றுப் பக்கம் இரண்டு வரிசைச் செங்கல் கட்டினோம். இப்போது அம்மாவே முதலில் ஒரு குடம் ஊற்றிப் பார்க்கிறார்.